மூலையில் வைத்த மஞ்சள்

“…அப்பிடி மாத்தி மடிக்கிறது செத்த ஆக்களுக்கு மட்டும்தான், மாமி,” என்று ஹருகா சொல்லி முடித்தாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், ‘மாமி’ மட்டும் தமிழ். குரலை உயர்த்தவில்லை. பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று வழி கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அவளுக்கு மாமியாராக வரப்போகும் மலர், பிடித்திருந்த பட்டுத் துணியைச் சூடு பட்டதுபோல விட்டுவிட்டார். புதன்கிழமை காலை பதினொரு மணி. கலியாணம் சனிக்கிழமை. இடம் லண்டன் குட்மேய்ஸில் என் வீட்டு முன் அறை. அவள் போட்டிருந்த ஜப்பான் கலியாண உடுப்பை, அந்தக் கிமோனோவைத் தைத்தது நான்.

அடுத்து ஹருகா என்ன செய்தாள் என்பதற்கு முன், தங்கச்சிமாரே, நாங்கள் மூன்று பேரும் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். நீங்கள் இப்போதுதான் வீட்டில் ஒரு மிஷினைப் போட்டு வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். எப்படித் தைப்பது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு வீடியோ இருக்கிறது. நானும் ஒருவரிடமும் முறையாகப் படித்தவள் இல்லை. பழைய சட்டைகளைப் பிரித்துப் பார்த்துப் பிடித்த கைதான் இது. முப்பது வருடம் சாறி பிளவுஸ், பள்ளிக்கூட யூனிபோர்ம், இடையில் யன்னல் திரைச்சீலை. போன வருடம் மணிக்கட்டு இனி ஏலாது என்று சொன்னது. நானும் வாதாடவில்லை.

தைக்க வருகிற ஆட்கள் துணியோடு பேச்சையும் கொண்டுவருவார்கள். துணி திரும்பிப் போய்விடும். பேச்சு என்னிடம் நின்றுவிடும். அப்டன் பார்க்கில் மீன் வெட்டுகிற தம்பி ஒருவன் தன் அம்மாவின் சட்டைக்கு அளவு கொண்டுவந்தபோது சொன்னான்: “மீனின்ர கண்ணைப் பாத்து வாங்குங்கோ அன்ரி, என்ர வாயைப் பாத்து வாங்காதையுங்கோ.” அதை நான் அன்றைக்கே மனதில் எழுதி வைத்தேன். எழுதி வைத்ததை வேண்டிய நேரத்தில் எடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் இந்தக் கதை.

மலர் என்னிடம் இருபது வருடமாகத் தைப்பவர். இல்ஃபோர்ட்டில் வீடு. மகனுக்கென்று ஒரு மேசை லாச்சி நிறையச் சாதகங்கள் சேர்த்து வைத்திருந்தார். மகன் ஒருநாள் தன்னோடு வேலை செய்கிற ஜப்பான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, இவள்தான் என்றான். அதைப் பற்றி மலர் என்னிடம் சொன்னது: “நான் ஒண்டும் சொல்லேல்லை, அக்கா. அண்டைக்குச் சொல்லுற அளவுக்கு என்னட்டை இங்கிலீஷ் காணேல்லை. காணுற நேரம் வரேக்கை அவளை எனக்குப் பிடிச்சுப் போச்சு.”

கலியாணத்துக்குக் கோயிலில் சாறி, பிறகு விருந்தில் கிமோனோ என்று முடிவாகியிருந்தது. துணி இருந்தது. தைக்க ஆள் இல்லை. ஜப்பானில் தைத்துக் கொடுக்க இருந்த ஹருகாவின் பெரியம்மாவுக்குக் கை முறிந்துவிட்டது. வேறிடத்தில் கொடுக்க நேரம் காணாது. மலர் எனக்குப் போன் எடுத்து, “தையல் தையல்தானே, அக்கா,” என்றார். இந்த வசனத்தை நன்றாகக் கேட்டு வையுங்கள். இதைச் சொல்கிறவர் ஒருவரும் நீங்கள் வெட்டும்போது கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் எனக்கு அன்று அந்த வசனம் இனித்தது. சரி என்றேன்.

ஹருகா துணியைத் தானே கொண்டுவந்தாள். ஒரு முழம்கூட வராத அகலம், பன்னிரண்டு மீற்றர் நீளம், இறுக்கமாகச் சுருட்டிய பட்டு. நிறம் உள்ளங்கை நிறம். பூ இல்லை, கரை இல்லை, இரண்டு முகமும் ஒன்றுபோல. அவளுடைய அம்மா அதை வாங்கியபோது அவளுக்கு எட்டு வயது. மகள் வளர்ந்து உயரம் முடிந்த பிறகு தைக்கலாம் என்று வைத்திருந்தவர், அவளுக்குப் பதினைந்து வயதில் காலமாகிவிட்டார். இதையும் அவள் பஸ் நிறுத்தம் சொல்கிற குரலில்தான் சொன்னாள். “வேற இல்லை, அன்ரி. இது ஒண்டுதான்,” என்றாள். சுருளை என் இரண்டு கையிலும் வைத்தாள். ஒரு கையை நீட்டியிருந்தேன். மற்றதையும் நீட்டும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நெஞ்சளவுக்குப் போனேன். தேவையில்லை என்றாள். இடுப்பும் தேவையில்லை. உயரம், கை நீளம், குண்டிச் சுற்று, அவ்வளவுதான். இடுப்பளவு கேட்காத பெண் உடுப்பை அன்றுதான் கண்டேன். இத்தனை வருடமும் எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

பெரியம்மா அனுப்பிய அளவுத் தாளை அவள் ஆங்கிலத்தில் எழுதித் தந்தாள். கீழே மூன்று குறிப்பு. முழுக்கக் கையால் தைக்க வேண்டும், இழுத்தால் நூல் வரவேண்டும். துணியில் ஒன்றும் வெட்டி எறியக் கூடாது, கூடுதலை உள்ளே மடித்துவிட வேண்டும். உடுக்கும்போது இடப் பக்கம் மேலே.

முதலாவது எனக்குப் பிடிக்கவில்லை. இழுத்தால் நூல் வராமல் இருக்கத்தானே இவ்வளவு காலமும் பாடுபட்டேன். இரண்டாவது பிடித்தது. நாங்களும் பிளவுஸுக்குப் பக்கத் தையலில் இரண்டு விரல் கூட விடுகிறோமே, பிள்ளை பெற்ற பிறகு பிரித்து விட. அதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவதை வாசித்தேன். விளங்கியது. கண்ணுக்கு விளங்கியது கைக்கும் விளங்கியிருக்கும் என்று இருந்துவிட்டேன்.

பட்டில் கை வைக்கும் முன்பு ஒரு பழைய கட்டில் விரிப்பில் தைத்துப் பார்த்தேன். இதை நான் சரியாகத்தான் செய்தேன், நீங்களும் செய்யுங்கள். பெரிய நீலப் பூப் போட்ட விரிப்பு. தைத்து முடிந்ததும் என் கணவர் அதைத் தனக்கு எடுத்துக்கொண்டார். குளித்துவிட்டு அதைப் போட்டபடி கதவைத் திறந்து தபால்காரரிடம் பார்சல் வாங்கினார். தபால்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் அந்த ஒத்திகையில் இரண்டு விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்று. கட்டில் விரிப்பு அகலமானது, வெட்ட வெட்ட மிச்சம் விழுந்தது. அதனால், உண்மையான துணியில் மிச்சமே விழாது என்பது எனக்குத் தெரியவரவில்லை. அடுத்தது, இவர் அதைத் தனக்கு வந்தபடி மடித்துக் கட்டினார். எந்தப் பக்கம் மேலே என்று நான் பார்க்கவில்லை. பூவைத்தான் பார்த்தேன்.

வெட்டுகிற நாள் வந்தது. நல்ல நேரம் பார்த்து விளக்குக் கொளுத்தினேன். கலியாணத் துணி எதுவாக இருந்தாலும், கத்தரிக்கோல் படுவதற்கு முன் ஒரு மூலையில் துளி மஞ்சள் வைப்பது என் வழக்கம். உங்களிலும் பலர் வைக்கிறீர்கள். துணிக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அந்த மூலை எப்படியும் கைக்குழி வெட்டும்போது விழுந்துவிடும். முப்பது வருடத்தில் ஒரு மஞ்சள் பொட்டும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனதில்லை. உள்ளங்கையில் மஞ்சள் தூளை எடுத்து, ஒரு துளி தண்ணீர் விட்டு, விரலால் தொட்டுச் சுருளின் நுனி மூலையில் வைத்தேன். கும்பிட்டேன். பிறகு துணியை மேசையில் மடித்து மடித்து அளவு வைத்தேன்.

கை இரண்டு. உடல் இரண்டு நீளம். மிஞ்சிய துண்டை நெடுக்காக இரண்டாகப் பிளந்தால், ஒரு பாதியில் முன்பக்கப் பட்டி இரண்டு, மறு பாதியில் கழுத்துப் பட்டி. கணக்குச் சரி. மிகவும் சரி. இந்த நுனியில் தொடங்கி அந்த நுனியில் முடிந்தது. மேசையில் மிச்சமாக இருந்தது என் கை மட்டும்தான்.

திரும்ப வைத்துப் பார்த்தேன். தலைகீழாக வைத்துப் பார்த்தேன். ஒரு சுருளுக்கு நாலு மூலை. நாலும் உடுப்புக்குள் போகின்றன. அதற்கிடையில் பட்டு அந்தத் துளியைக் குடித்து ஐம்பது பென்ஸ் நாணயமளவுக்கு விரிந்துவிட்டது. உள்ளே மடிக்கிற மடிப்புக்குள் பாதி போகும். பாதி வெளியே நிற்கும், ஒரு முன்பக்கப் பட்டியின் கீழ் ஓரத்தில், கணுக்காலுக்குச் சற்று மேலே. நடக்கும்போது எல்லாருடைய கண்ணும் போகிற இடம்.

கதிரையில் இருந்தேன். இவர் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த நீலப் பூ உடுப்போடுதான். மஞ்சளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “பிள்ளைக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போடு,” என்றார். சொல்லலாம் என்றேன். முதலில் ஏதாவது செய்து பார்க்கலாம் என்றேன்.

என்ன செய்து பார்த்தேன் என்று கேளுங்கள். கழுவ ஏலாது, அந்தப் பட்டில் தண்ணீர் பட்டால் சுருங்கும், பொட்டு வைத்த இடமே சற்றுச் சுருண்டிருந்தது. மஞ்சள் கறைக்கு வெயில் நல்லது, வெயில் பட்டால் தானாக மங்கும், உங்களுக்கும் தெரியும். அந்த மூலையை மட்டும் வெளியே விட்டு மிச்சத்தைப் போர்வையால் மூடி யன்னலோரம் வைத்தேன். மூன்று நாள். மூன்று நாளும் மழை. நாலாம் நாள் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. யன்னலுக்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றது.

அன்று பின்னேரம் ஹருகாவே போன் எடுத்தாள். எல்லாம் சரியாகப் போகிறதா என்று கேட்டாள். தங்கச்சிமாரே, இதுவரை நடந்தது கைத் தவறு. துணியைத் தொடுகிறவர்கள் எல்லாருக்கும் அது வரும். அந்த நிமிடத்தில், “ஹருகா, ஒரு பிழை விட்டிட்டன்,” என்று நான் சொல்லியிருந்தால், இதில் எழுத ஒன்றுமில்லை. நான் சொன்னது, “ஓம் ஓம், எல்லாம் வடிவாப் போகுது.” அவளுக்கு ‘ஓம்’ தெரியும். மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் நன்றி சொன்னாள். ஒன்றே ஒன்று என்பதால்தான் கேட்டதாகவும், என் வேலையைக் குழப்பியதற்கு மன்னிக்கும்படியும் சொன்னாள். மன்னிப்பு அவள் கேட்டாள்.

மலேசியத் தமிழ் அம்மா ஒருவர் என்னிடம் தைக்க வருவார், கணக்காளர் வேலை. அவர் ஒருமுறை தன் ஒஃபிஸ் கதையைச் சொல்லிவிட்டு, “மூடி வச்ச கொழம்புதான் சிஸ்டர் மொதல்ல புளிக்கும்,” என்று முடித்தார். போனை வைத்த பிறகு அது நினைவுக்கு வந்தது. நல்ல பேச்சு எல்லாம் எனக்குப் போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. பொய் சொன்ன பிறகு வருகிற யோசனை எல்லாம் கெட்டித்தனமாகத் தெரியும், கவனம். முன்பக்கப் பட்டிகள் இரண்டில் ஒன்றுதான் உடுக்கும்போது மேலே தெரியும். மற்றது அடியில் போய் மறையும். மஞ்சள் பட்டியை அடியில் போகிற பக்கத்துக்குத் தைத்துவிட்டால், அது இருப்பது எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். கடவுள் பொதுவாக ஒன்றும் சொல்வதில்லை.

தைத்தேன். கையாலேயே தைத்தேன், பதினொரு நாள். நேர்த் தையல்தான், ஆனால் பட்டு வழுக்கும், நூல் இறுகினால் சுருங்கும், தளர்ந்தால் வாய் பிளக்கும். என் வாழ்நாளில் அவ்வளவு நேராக நான் தைத்ததில்லை. முடித்து முன் அறைப் பொம்மைக்குப் போட்டு மடித்துப் பார்த்தேன். கறை எங்கே என்று எனக்கே தெரியவில்லை. மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தேன். அன்று நல்லாக நித்திரை கொண்டேன்.

இனி அந்தப் புதன்கிழமை. மலர் மட்டன் ரோல்ஸ் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். ஹருகா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ரீசேட்டும் காற்சட்டையும் போட்டிருந்ததற்கு மேலே கிமோனோவைப் போட்டுக்கொண்டாள். தோளில் துணி இருந்த விதத்தைப் பார்த்து மலர் வாயில் இருந்த ரோல்ஸை விழுங்க மறந்துபோனார். ஹருகா கண்ணாடியைப் பார்த்து நின்று, வலப் பக்கத்தை எடுத்து உடம்போடு சுற்றினாள். அதற்கு மேலே இடப் பக்கத்தைக் கொண்டுவந்தாள்.

மஞ்சள், முன்னால், கணுக்காலுக்கு மேலே நின்றது.

பெண்களின் சட்டைக்கு வலப் பக்கம் மேலே. முப்பது வருடம் கொக்கி தைத்த கை அது. தாளில் இடப் பக்கம் மேலே என்று எழுதியிருந்தது, நான் வாசித்தேன், கை வாசிக்கவில்லை. மறைகிற பக்கம் என்று நினைத்து நான் கறையைத் தைத்தது இடப் பக்கத்தில். பொம்மைக்கும் வலதை மேலே மடித்துத்தான் பார்த்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். நான் சோற்றுக்கு மேலே வைத்து மறைத்திருந்தேன்.

ஹருகா குனிந்து பார்த்தாள். மலரும் குனிந்து பார்த்தார். பிறகு தன் கையில் இருந்த ரோல்ஸைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ரோல்ஸ் எண்ணெயும் மஞ்சள்தான். உள்ளே கிழங்கும் மஞ்சள்தான். மெல்ல அதைத் தட்டில் வைத்துவிட்டு, கையைத் தன் சாறியில் துடைத்துவிட்டு, “இதுக்கென்ன, மாறி மடிச்சால் சரி,” என்று சொல்லிக்கொண்டு, ஹருகாவின் முன்னால் முழங்காலில் நின்று, இடதை உள்ளே தள்ளி வலதை மேலே இழுத்தார். “இல்ஃபோர்ட்டிலை ஆர் கண்டது எந்தப் பக்கம் மேலை எண்டு.” கறை மறைந்தது. அப்போதுதான் ஹருகா, எங்கள் ஊரில் அப்படி மாற்றி மடிப்பது செத்தவர்களுக்கு மட்டும்தான் என்று சொன்னாள்.

மலர் கையை விட்டார். முழங்காலில் இருந்தபடியே அந்தப் பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மருமகளுக்குப் பிணத்துக்கு உடுத்துவதுபோல உடுத்திவிட்ட மாமியார் தான் ஒருத்திதான் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. அதோடு, அவளுடைய அம்மா வைத்துவிட்டுப் போன துணியில் ரோல்ஸ் எண்ணெயையும் தானே பூசிவிட்டதாக நினைத்ததும் தெரிந்தது. மலருக்கு அழுகை வராது, வேர்க்கும். வேர்த்தது.

“பிள்ளை,” என்றார். “என்ர கைதான். கவனிக்கேல்லை. மன்னிச்சுக்கொள்.” தமிழில்தான் சொன்னார். ஆங்கிலம் அன்றும் போதவில்லை.

இப்போது சொல்கிறேன், இதைக் கேட்க வெட்கமாக இருந்தாலும் கேளுங்கள். நான் பேசாமல் நின்றேன். பெரிய நேரம் இல்லை, இரண்டு மூச்சு. அந்த இரண்டு மூச்சில் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ரோல்ஸ் என்றால் ரோல்ஸ். என்னை ஒருவரும் கேட்கப் போவதில்லை. என் கைக்கு இருந்த பேர் அப்படியே இருக்கும். மலர் மட்டும் அந்தக் கறையைத் தன் மருமகளுக்கு முன்னால் சாகும்வரை தூக்கிக்கொண்டு திரிவார். ஒவ்வொரு வருடமும் கலியாண அல்பத்தைத் திறக்கும்போது அந்த இடத்தில் பக்கத்தைத் தள்ளுவார்.

தைக்கிற வேலையில் மற்றவர்களின் உடம்பை நாங்கள் பார்க்கிறோம். ஒருவரும் அறியாத தழும்பு, கூனல், ஒரு தோள் தாழ்வு, எல்லாம் பார்க்கிறோம். பார்த்ததை வெளியே சொல்லாமல் அதற்கேற்றபடி வெட்டுகிறோம். அப்படிப் பிழைக்கிற நாங்கள் எங்கள் தழும்பைக் கொண்டுபோய் இன்னொருவரின் தோளில் வைக்கக் கூடாது. இதை அன்று நான் இவ்வளவு அழகாக யோசிக்கவில்லை. மலரின் நெற்றியில் வேர்வையைப் பார்த்தேன், வாய் திறந்தது.

“மலர், எழும்பும். உம்மட கை இல்லை. என்ர கை.”

மலர் எழும்பவில்லை. நான் ஹருகாவுக்கு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அது மஞ்சள் என்று. வெட்டுவதற்கு முன் நான் வைத்தது என்று. மறைக்கப் பார்த்தேன் என்று, மறைக்கத்தான் அந்தப் பக்கம் தைத்தேன் என்று, அதுவும் பிழையான பக்கம் என்று. போனில் எல்லாம் சரி என்று சொன்னபோது ஒன்றும் சரியாக இருக்கவில்லை என்று. வேறு துணி வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது.

ஹருகா நான் முடிக்கும்வரை கேட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். ஏன் மூலையில் வைப்பது?

அது நல்லதுக்கு, என்றேன். உடுக்கிறவர் நல்லாக இருக்க வேண்டும் என்று. மூலையில் ஏனென்றால், அது எப்படியும் வெட்டி எறிகிற இடம்.

அவள் யோசித்தாள். “எறியிற துண்டுக்கோ ஆசீர்வாதம்?” என்றாள். நக்கலாகக் கேட்கவில்லை. விளங்கவில்லை, கேட்டாள்.

முப்பது வருடம் செய்த காரியம், ஒருநாளும் யோசித்ததில்லை. கீழே இருந்தபடியே மலர்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய முகத்தில் வேர்வை காயத் தொடங்கியிருந்தது.

“அக்கா,” என்றார். “அப்ப இருபது வருஷமா என்ர ஆசீர்வாதம் முழுக்கக் குப்பை லொறியிலையோ போனது?”

ஓம், என்றேன். வேறு என்ன சொல்வது. புதன்கிழமைகளில் கவுன்சில் லொறி வரும் என்றேன். வெளியே அந்த நேரம் அது உண்மையாகவே வந்துகொண்டிருந்தது. மலர் எழும்பி யன்னல்வரை போய், அது சத்தம் போட்டுப் போய் முடியும்வரை பார்த்துவிட்டு வந்தார்.

ஹருகா கிமோனோவைக் கழற்றி என் வெட்டு மேசையில் விரித்தாள். நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலைக் காட்டிக் கேட்டாள். நான் செய்கிறேன் என்று எழும்பினேன். “இருங்கோ, அன்ரி,” என்றாள், தமிழில். மலர் அவளை ‘இருங்கோ’ என்று எத்தனை முறை உபசரித்திருப்பாரோ, அதே குரல். இருந்தேன்.

இடப் பக்கப் பட்டியின் தையலில் ஒரு நுனியைத் தேடி, முடிச்சை வெட்டி, நூலை மெல்ல இழுத்தாள். வந்தது. ஒரே இழுவையில் நெடுக வந்தது. இழுத்தால் நூல் வரவேண்டும் என்று ஏன் எழுதியிருந்தார்கள் என்று எனக்கு அப்போது விளங்கியது. அந்த உடுப்பைத் தைக்கிறவர்கள், இதை ஒருநாள் யாரோ பிரிப்பார்கள் என்று தெரிந்துகொண்டுதான் தைக்கிறார்கள். என் மிஷின் தையலாக இருந்திருந்தால் அந்த ஒரு பட்டியைப் பிரிக்கவே சனிக்கிழமை ஆகியிருக்கும், பட்டும் ஓட்டை ஓட்டையாகப் போயிருக்கும். கழுத்துப் பட்டியையும் பாதிவரை பிரித்தாள். வலப் பக்கப் பட்டியும் வந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் மஞ்சள், மற்றது வெறும் துணி. நிறம் ஒன்று, நீளம் ஒன்று, முகம் இரண்டும் ஒன்று. மஞ்சள் பட்டியை வலப் பக்கம் தள்ளினாள். அடியில், காலோடு ஒட்டி வருகிற பக்கம். வெறும் பட்டியை இடப் பக்கம் வைத்தாள்.

சரி, இனித் தைக்கலாம் என்று நான் ஊசிப் பெட்டிக்குக் கை நீட்டினேன். அவள் இன்னும் முடிக்கவில்லை. குசினிக்குப் போனாள். ஒரு அலுமாரி திறந்து மூடியது. இரண்டாவது திறந்து மூடியது. மஞ்சள் தூள் போத்தலோடு வந்து, மலரின் முன்னால் தன் உள்ளங்கையை நீட்டினாள். மலர் கொஞ்சம் கொட்டினார். எவ்வளவு தண்ணீர் என்று அவள் என்னைக் கேட்டாள். ஒரு துளி, அதிலும் பாதி, என்றேன்.

அந்த வெறும் பட்டியின் ஓரத்தில், தையலுக்குள் மடிந்து போய் ஒருவருக்கும் தெரியாமல், ஆனால் ஒருவரும் வெட்டி எறியாமல் கிடக்கப் போகிற அந்த இரண்டு விரல் அகலத்துக்குள், சின்ன விரலால் ஒரு பொட்டு வைத்தாள். உளுந்தளவு. குனிந்து, வாயை வைத்து ஊதி ஊதிக் காயவைத்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, யன்னல் வெளிச்சத்துக்கு ஊசியைத் தூக்கிப் பிடித்து, நூலைக் கோத்து, என்னிடம் நீட்டினாள்.